மருத்துவ மாணவரும் இணையவழிக் கல்வியும்

மருத்துவம் பயிலும் மாணவருக்கு ஆசிரியர் இருவர். ஒருவர் நூலறிவைப் புகட்டும் பேராசிரியர்; மற்றவர் நோயாளி. முன்னவரைத் திரையிலும் காணலாம். பின்னவரைப் படுக்கையருகே சென்றே காணுதல் வேண்டும். இணையவழிக் கல்விக்கு நம் மாணவர் எந்த அளவிற்கு ஆயத்தமாக உள்ளனர் என்று ஆராய்வோர் இவ்வுண்மையை முதற்கண் நினைவிற் கொள்ளுதல் நலம்.

2020-ஆம் ஆண்டு மார்ச்சு 25-ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. மருத்துவக் கல்லூரிகளிலும் நர்சுப் பள்ளிகளிலும் வகுப்பறைகள் மூடப்பட்டன. பாடங்கள் கைபேசியின் வழியே வீடு தேடி வரலாயின. மாணவர் ஆயத்தமாக உள்ளனரா என்று கேட்க அப்பொழுது எவருக்கும் அவகாசமில்லை.

ஆயத்தம் என்பது கருவியை வைத்திருப்பது மட்டுமன்று. தைவான் நாட்டு ஆய்வாளர் சிலர் 2010-இல் அதனை ஐந்து கூறுகளாகப் பகுத்தனர்: தானே முயன்று கற்றல், கற்பதில் ஊக்கம், கணிப்பொறியையும் இணையத்தையும் கையாளும் தன்னம்பிக்கை, கவனம் சிதறாமல் கற்கும் போக்கை நெறிப்படுத்தும் அடக்கம், இணையவழியே ஐயங்களைக் கேட்கும் துணிவு. இவற்றுள் எது குறைந்தாலும் விரிவுரை செவியிற் படுமேயன்றி உள்ளத்திற் பதியாது.

எனினும், கருவியே இல்லாத இடத்தில் ஊக்கம் மட்டும் என் செய்யும்? 2017-18-இல் நடைபெற்ற தேசிய மாதிரி ஆய்வின்படி, இணைய வசதி பெற்றிருந்த குடும்பங்கள் நகரங்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 42. கிராமங்களில் 15 மட்டுமே. கணிப்பொறி இருந்த கிராமக் குடும்பங்கள் நூற்றுக்கு ஐந்திற்கும் குறைவு. பின்னர் கைபேசி இணையம் பெரிதும் பரவியுள்ளது. ஆயினும், சிறு திரையில் உடற்கூற்றுப் படத்தை உற்று நோக்குவதும், பெரிய திரையில் அதனையே காண்பதும் ஒன்றாகா.

திரை நன்கு கற்பிப்பவை பல உண்டு. மருந்தியல் விரிவுரையை நிறுத்தி மீண்டும் கேட்கலாம். இதய ஒலிப் பதிவைப் பன்முறை கேட்டுச் செவியைப் பழக்கலாம். ஆனால் வயிற்றைத் தொட்டு வீக்கத்தை உணர்வதையும், மெலிந்த முதியவரின் கையில் இரத்தக் குழாயைக் கண்டு ஊசி ஏற்றுவதையும் கையே கற்றாக வேண்டும். இவ்வெல்லையை உணர்ந்திருப்பதும் ஆயத்தத்தின் ஒரு பகுதியே. திரையில் ஒன்றைக் கண்டதனாலேயே அதைச் செய்யவும் வல்லேன் எனக் கருதும் மாணவரால் நோயாளிக்குத் தீங்கு நேரும்.

2019-இல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் திறன்களை அடிப்படையாகக் கொண்டு திருத்தியமைக்கப்பட்டபொழுது, தொடக்கப் பயிற்சியில் மொழியறிவும் கணிப்பொறிப் பழக்கமும் இடம்பெற்றன. இது பொருத்தமான ஏற்பாடே. ஏனெனில், தொலைவிலிருந்து மருத்துவம் செய்வதற்கான வழிகாட்டு நெறிகளை மத்திய அரசு வெளியிட்டதும் ஊரடங்கு தொடங்கிய அதே நாளில்தான். அதற்கு முன்பே, 2019-இல், இ-சஞ்சீவனி என்னும் தொலை மருத்துவ சேவையும் தோன்றிவிட்டது.

ஆகவே, இன்று திரையின் வழியே கற்பவர் நாளை திரையின் வழியே நோயாளியின் குறையைக் கேட்கவும் நேரும். திரையில் எவற்றை அறியலாம், எப்பொழுது நோயாளியை நேரில் வருமாறு அழைத்தல் வேண்டும் என்று பகுத்துணரும் தெளிவு அப்பொழுது உயிரைக் காக்கும். அத்தெளிவை மாணவப் பருவத்திலேயே ஊட்டுவது கல்லூரிகளின் கடமையாகும்.