தராசுக்கும் ஒரு படிக்கல்

இறக்குவானையை அடுத்த தோட்டமொன்றிலிருந்து என் பழைய மாணவனின் தந்தையார் சென்ற திங்களில் என்னை நாடி வந்தார். அவர்தம் மனைவியார்க்குப் புற்றுநோய். மருந்தேற்றி முடிந்தபின், உடல் முழுவதையும் படம் பிடிக்கும் 'பெட் சி.டி.' பரிசோதனைக்கு நாள் குறித்திருந்தனர்.

"மடுவத்துத் தராசு பொய் சொன்னா அரைப் பேரோட போயிரும், ஐயா. இந்த மிசின் பொய் சொன்னா?" என்றார்.

இலக்கணம் கற்பிக்கும் எனக்கு விடை தெரியவில்லை. நூல்களைத் தேடினேன், அறிந்தோரை வினவினேன்.

இக்கருவி இரண்டு கருவிகளின் கூட்டு. ஒன்று உறுப்புகளின் வடிவத்தைக் காட்டும். மற்றது அவற்றின் செயலைக் காட்டும். டவுன்சென்ட், நட் என்னும் இருவரின் முயற்சியால் இவ்விரண்டும் இணைந்த முதற்கருவி 1998ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் இயங்கலாயிற்று. கதிர்வீசும் புளோரின் கலந்த சர்க்கரையை நோயாளிக்கு ஏற்றுவர். சர்க்கரையைப் பேராசையோடு உண்ணும் புற்றணுக்கள் படத்தில் ஒளிரும். அவ்வொளியின் அளவை முன்னும் பின்னும் ஒப்பிட்டே மருந்து பலித்ததா என மருத்துவர் தீர்மானிப்பர். கருவி வழுவின், தீர்ப்பும் வழுவும் அன்றோ?

ஆதலின் கருவியையும் சோதிக்கின்றனர். அமெரிக்க மின்பொருள் உற்பத்தியாளர் சங்கம் வகுத்த நெறியின்படி, மனித உடலை ஒத்த பாவை ஒன்றில் நீர் நிரப்புவர். அதனுள் 10 முதல் 37 மில்லிமீற்றர் வரை விட்டமுடைய ஆறு கோளங்கள் இருக்கும். 2018ஆம் ஆண்டு நெறி, சூழ்ந்த நீரினும் நான்கு மடங்கு கதிர்ச்செறிவைக் கோளங்களில் நிரப்பச் சொல்கிறது. சிறிய கோளம் உள்ளதினும் மங்கியே தோன்றும். எத்துணை மங்குகிறது என அளந்து வைப்பர். வடிவப் படமும் செயற் படமும் இம்மியும் விலகாமற் பொருந்துகின்றனவா என்பதும் ஆராயப்படும். இஃதன்றி, நாள்தோறும் முதல் நோயாளி வருமுன் சிறு சோதனையும் உண்டு.

கடிகாரமும் இதற்கு விலக்கன்று. அக்கதிர்ப்பொருள் ஏறத்தாழ 110 நிமிடத்தில் பாதியாகத் தேயும். மருந்தை அளந்த கடிகாரத்துக்கும் கருவியின் கடிகாரத்துக்கும் பத்து நிமிடம் வேறுபடின், கணக்கில் நூற்றுக்கு ஆறு பங்கு பிழைபடும்.

மகரகமைப் புற்றுநோய் மருத்துவமனைக்கு இத்தகைய கருவி வாங்க 2016ஆம் ஆண்டில் இந்நாட்டு மக்கள் இனமும் மதமும் பாராது பொருள் ஈந்தனர். வாங்குதல் ஒரு நாட் கொடை. வழுவாமற் காத்தல் நாள்தோறும் செய்யும் கொடை. முன்னது செய்தியாகும், பின்னதை எவரும் பாடார். எனினும் நோயாளியின் உயிர் பின்னதையே பற்றி நிற்கின்றது.

இவற்றை அவரிடம் எளிமையாகச் சொன்னேன். சிறிது நேரம் வாளாவிருந்தார். பின், "அப்ப படிக்கல் வச்சுப் பாத்தீங்களான்னு நாங்க கேக்கலாமா, ஐயா?" என்றார்.

"கேளுங்கள், தராசு முன் நிற்பவனுக்கு அவ்வுரிமை உண்டு" என்றேன்.