ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு சாட்சி

போன ஐப்பசி மழையில் என் காரின் டேஷ்போர்டில் மஞ்சள் நிற என்ஜின் விளக்கு எரிந்தது. ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். "ஆக்ஸிஜன் சென்சார் போயிடுச்சு சார், மாத்தியாகணும்" என்றார்கள். ஏழாயிரத்துச் சொச்சம் கொடுத்து மாற்றினேன். ஒன்பதாம் நாள் அதே விளக்கு மறுபடியும் எரிந்தது. இந்த முறை எங்கள் தெருமுனை மெக்கானிக் அண்ணனிடம் போனேன். ஸ்டீயரிங்குக்கு அடியில் ஸ்கேனர் என்ற ஒரு சின்னக் கருவியைச் செருகிப் பார்த்தார். "பி0171னு வருது தம்பி. பெட்ரோலுக்குக் காத்து அதிகமாப் போகுதுன்னு வண்டி சொல்லுது. சென்சார் கெட்டதுன்னு சொல்லலையே?" பானெட்டைத் திறந்து தேடினார். வெடித்துப்போயிருந்த ஒரு ரப்பர் ஹோஸ் அகப்பட்டது. மாற்ற ஆன செலவு 180 ரூபாய்.

கார் தானே சொன்னதை நான் கேட்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம். அதைக் கேட்பதற்கான வாசல் ஏறக்குறைய எல்லா நவீன கார்களிலும் இருக்கிறது. ஓபிடி சாக்கெட் என்பார்கள். அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து கட்டாயம். இங்கே சென்னை உள்ளிட்ட 13 நகரங்களுக்கு 2010 ஏப்ரலில் பி.எஸ். 4 புகை விதி வந்தபோது முதல் கட்டமாக நுழைந்தது. 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டம் கட்டாயமானது. புகையைக் கட்டுப்படுத்த வந்த ஏற்பாடு, வண்டி வைத்திருப்பவருக்கும் நல்ல கருவியாகிவிட்டது.

ஓட்டுநர் இருக்கைக் கதவைத் திறந்து, குனிந்து, பெடல்களுக்கு மேலே டேஷ்போர்டின் அடிப்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய கணினி மானிட்டர் ஒயரின் முனைபோல, ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் குறுகியும் ஒரு சாக்கெட் தெரியும். வரிசைக்கு எட்டாக 16 துளைகள். சில கார்களில் ஃபியூஸ் பெட்டி மூடிக்குள்ளோ சிறு பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னாலோ ஒளிந்திருக்கும். வண்டியோடு வந்த கையேட்டில் இடம் போட்டிருக்கும்.

சாவியை அணைத்துவிட்டு ஸ்கேனரைச் செருகுங்கள். ஒரு வாகில்தான் உள்ளே போகும். அழுத்தித் திணிக்கக் கூடாது. பிறகு சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்பினால் போதும், பி0171 போன்ற பழுதுக் குறியீட்டை, அதாவது 'கோடு' என்பதைப் படிக்க என்ஜின் ஓட வேண்டியதில்லை. துளைகளில் ஒயரையோ ஊசியையோ விட்டுச் சோதிக்கவே வேண்டாம். 16ஆம் துளையில் சாவி எடுத்த பிறகும் 12 வோல்ட் இருக்கும். ஸ்கேனர் விளக்கே எரியாவிட்டால் ஃபியூஸைப் பாருங்கள். பல கார்களில் சிகரெட் லைட்டர் சாக்கெட்டுக்கும் இதற்கும் ஒரே ஃபியூஸ்தான்.

கோடு தெரிந்ததும் அதை உடனே படம் பிடித்து வையுங்கள். 'பி' என்று தொடங்கினால் என்ஜின், கியர் பக்கம். 'சி' பிரேக், சஸ்பென்ஷன் பக்கம். 'பி0301' என்றால் முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை. ஆனால் அதற்குக் காரணம் ஸ்பார்க் ப்ளக்கா, காயிலா, இன்ஜெக்டரா என்று கோடு சொல்லாது. காய்ச்சல் இருக்கிறது என்று தெர்மாமீட்டர் சொல்லும். என்ன காய்ச்சல் என்று வைத்தியர்தான் பார்க்க வேண்டும். எனவே கோடைப் பார்த்ததும் இணையத்தில் உதிரிபாகம் ஆர்டர் செய்யாதீர்கள். ஏர்பேக், ஏபிஎஸ் விளக்குகளுக்கான கோடுகளை மலிவான ஸ்கேனர்கள் பெரும்பாலும் படிப்பதே இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

'அழி' என்ற பொத்தான்தான் எனக்கு அதிகம் பயம் தருவது. அதைத் தொட்டால் விளக்கு அணைந்துவிடும், பழுது அப்படியே இருக்கும். கோடு விழுந்த கணத்தில் என்ஜின் வேகம், வெப்பம் என்ன என்று கம்ப்யூட்டர் எடுத்து வைத்திருந்த பதிவும் சேர்ந்து அழியும். மெக்கானிக்குக்கு உதவக்கூடிய தடயம் அது. நாளைக்கு நீங்கள் புகார் கொடுத்தால் உங்களுக்கும் ஆதாரம். பழைய கார் வாங்கும்போது இதே தந்திரம் உங்கள்மேல் பாயலாம். சுய சோதனைகள் 'முடியவில்லை' என்று ஸ்கேனர் காட்டினால், சமீபத்தில் கோடை அழித்திருக்கலாம் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கலாம். ஏன் என்று விற்பவரிடம் கேளுங்கள்.

என்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் ஸ்கேனரைத் தேட வேண்டாம். வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்துங்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைச் சுட்டுத் தீர்க்கும். அதன் விலை மிக அதிகம். சிவப்பு ஆயில் விளக்குக்கும் அப்படியே நிறுத்த வேண்டும்.

வேலை முடிந்ததும் ஸ்கேனரைக் கழற்றுங்கள். ஓடும்போது கால் பட்டு உடைந்து பிரேக் பெடலுக்கு அடியில் விழுந்தால் என்ன ஆகும்? நிறுத்தி வைத்த வண்டியில் விட்டால் பேட்டரியைக் குடிக்கும். 2015இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாக ஆய்வாளர்கள், இந்தச் சாக்கெட்டில் செருகிய ஒரு கருவிக்குக் குறுஞ்செய்தி அனுப்பியே காரின் பிரேக்கைக் கட்டுப்படுத்திக் காட்டினார்கள். மைலேஜ் கூட்டித் தருவதாகச் சொல்லி இதில் செருகச் சொல்லும் பெட்டிகளையும் வாங்காதீர்கள்.

"வெளியே காட்டினால் வாரண்டி போய்விடும்" என்று கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் மிரட்டினால் ஒரு தீர்ப்பைச் சொல்லுங்கள். 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் தனி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்தார்கள் என்பதே குற்றச்சாட்டு. வெளியே வேலை பார்த்ததற்காக மொத்த வாரண்டியையும் ரத்து செய்யும் நிபந்தனை கூடாது, அந்தத் தவறான வேலையால் வந்த சேதத்துக்கு மட்டுமே மறுக்கலாம் என்றது ஆணையம். நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. ஆனாலும் வாதிட உங்களுக்கு இது வலுவான பிடி.

செய்த வேலைக்குப் பில்லும் கேட்டு வாங்குங்கள்; தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிகம். முதலில் ஒர்க்‌ஷாப்புக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைக்கலாம். அதிலும் தீராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை.

என்னிடம் அன்று பில் இருந்தது, கோடின் படம் இல்லை. கழற்றிய சென்சாரையும் கேட்டு வாங்கவில்லை. இப்போது வண்டியை விடும்போதே கோடை நானே படித்து ஜாப் கார்டில் எழுதச் சொல்கிறேன். பழைய பாகத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று அதற்கடியில் இன்னொரு வரியும் எழுதிய பிறகுதான் கையெழுத்துப் போடுகிறேன்.