மூச்சுக்கு எத்தனை மார்க்?

வைத்தீஸ்வரன் கோயிலில் கட்டைவிரல் ரேகையைக் கொடுத்தால் ஆயுள் முதல் அத்தனையையும் ஓலையில் படித்துச் சொல்கிறார்கள். 2021 மே மாதம் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போனவர்களுக்கு ஓலை தேவைப்படவில்லை. கேட்டில் செக்யூரிட்டி நெற்றிக்கு நேராகத் துப்பாக்கியை நீட்டுவார். 'டிக்!' "97.4... போங்க சார்!" அவ்வளவுதான், ஆயுசு கெட்டி!

நான் பி.காம். யார் எந்தக் கணக்கை நீட்டினாலும் 'வவுச்சர் எங்கே?' என்று கேட்கிற ஜாதி. கொரோனா நிமோனியா வந்தவர்களில் யாருக்கு ஆபத்து அதிகம் என்று முன்கூட்டியே சொல்ல டாக்டர்கள் போட்ட கணக்குகளை ஒருநாள் உட்கார்ந்து புரட்டினேன். அவற்றில் நல்ல பெயர் வாங்கிய கணக்கு ஒன்றில், அந்தத் துப்பாக்கி அளந்த காய்ச்சலுக்கு மார்க்கே கிடையாது!

8 கேள்வி, 21 மார்க்

அந்தக் கணக்கின் பெயர் '4சி ஸ்கோர்'. பிரிட்டனில் 260 ஆஸ்பத்திரிகளில் அட்மிட் ஆன 57,000 பேருக்கு மேற்பட்டவர்களின் கேஸ் ஷீட்டை வைத்து 2020-ல் உருவாக்கி, சரிபார்த்தார்கள். மொத்தம் 8 கேள்விதான். வயசு என்ன? ஆணா, பெண்ணா? ஏற்கெனவே எத்தனை வியாதி? நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு? ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு? நினைவு தெளிவாக இருக்கிறதா? யூரியா எவ்வளவு? உடம்புக்குள் எவ்வளவு அழற்சி என்று காட்டும் சி.ஆர்.பி. டெஸ்ட்டில் என்ன வந்தது?

நம்ம பரீட்சைக்கு நேர்மாறு. மார்க் ஏற ஏற ஆபத்து. 3 வரை வாங்கியவர்களில் 100-க்கு ஒருவர்தான் இறந்தார். 4 முதல் 8 வரை என்றால் 100-க்கு 10 பேர். 9 முதல் 14 வரை 31 பேர். 15-ஐத் தொட்டாலே 60 பேருக்கும் மேல்.

ஆணாகப் பிறந்ததற்கே 1 மார்க் உண்டு. (வீட்டில் சொல்லிவிடாதீர்கள். "அது எங்களுக்கு அப்பவே தெரியுமே" என்பார்கள்.)

ஓப்பனிங் பாலன்ஸ்

ஊரில் இருக்கிற அப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். வயசு 72, அதற்கு 6 மார்க். ஆண், 1. சர்க்கரை, கிட்னிக் கோளாறு என்று இரண்டு வியாதி, 2. ஆக 9. ஒரு சொட்டு ரத்தம் எடுப்பதற்கு முன்பே மனுஷர் ஆபத்துப் பட்டியலில்!

அவருடைய பையன் சுங்குவார்சத்திரத்தில் ஒரே ரூமில் ஆறு பேரோடு தங்கி, ஷிப்டுக்குப் போகிறான். வயசு 27. அவனுக்கு மொத்தமே 1. "நமக்கெல்லாம் ஒண்ணும் ஆகாதுடா மாப்ளே" என்ற வசனம் இந்த 1-லிருந்துதான் பிறக்கிறது. வசனத்தில் பாதி உண்மையும் இருக்கிறது. தமிழ்நாடு, ஆந்திர நோயாளிகளை வைத்து 2020-ல் 'சயன்ஸ்' பத்திரிகையில் வந்த ஆய்வில், 5 முதல் 17 வயசு வரை தொற்று வந்த 10,000 பேரில் இறந்தவர்கள் 5 பேர். 85 வயசைத் தாண்டியவர்களில் 100-க்கு 16 பேருக்கும் மேல்.

ஆனால் சார், 1 என்பது ஓப்பனிங் பாலன்ஸ். குளோசிங் பாலன்ஸ் என்ன ஆகும் என்பது நடுவில் போடுகிற என்ட்ரிகளைப் பொறுத்தது.

பையனுக்கு இருமல். லீவு போட்டால் லாஸ் ஆஃப் பே, அட்டெண்டன்ஸ் போனஸும் போச்சு. ஒரு பாராசிட்டமால் போட்டுக்கொண்டு கேட்டுக்கு வருகிறான். மாத்திரை காய்ச்சலை அமுக்கிவிட்டது. துப்பாக்கி 'டிக்' என்று ஆசீர்வதிக்கிறது. ஒரு வாரம் கழித்து ரூம்மேட்டுகள் கைத்தாங்கலாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வரும்போது மூச்சு நிமிஷத்துக்கு 30-ஐத் தாண்டிவிட்டது, 2 மார்க். ஆக்ஸிஜன் 90, இன்னொரு 2. சி.ஆர்.பி. 100-க்கு மேல், 2. யூரியா கொஞ்சம் ஏறியிருக்கிறது, 1. கூட்டுங்கள். 8! வயசு அதே 27தான். 50 பேர் போகிற கம்பெனி பஸ்ஸில் எல்லோருக்கும் இதே மார்க் என்றால், 5 ஸீட் காலி.

(தடுப்பூசி வருவதற்கு முந்தைய கணக்கு இது. இன்றைக்கு இதே மார்க்குக்கு இதே பலன் என்று சொல்ல முடியாது.)

கேட் துப்பாக்கியால் தொழிலாளர்களுக்கும் திருப்தி வரவில்லை. 2021 மே மாதம் ஒரகடம் ரெனோ-நிஸான் தொழிற்சங்கம், பாதுகாப்பான இடைவெளி கேட்டு ஹைகோர்ட்டுக்குப் போனது. இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாயில் உள்ளிருப்புப் போராட்டம் நடந்து, மே 25 முதல் 5 நாள் ஆலை நிறுத்தப்பட்டது. ரூமிலும் பஸ்ஸிலும் லைனிலும் தோளோடு தோள் உரசுகிறவர்களுக்கு, பக்கத்து ஆளின் இருமலும் தன் கணக்கில்தான் ஏறும் என்று தெரிந்திருந்தது.

எத்தனை பர்சென்ட்?

அதே சமயம் வெளியே வேறொரு மோகம். ஸி.டி. ஸ்கேன்! "உனக்கு லங்க்ஸ் எத்தனை பர்சென்ட்?" என்று ப்ளஸ் டூ ரிஸல்ட் மாதிரி விசாரித்துக்கொண்டார்கள். லேசான அறிகுறிக்கெல்லாம் ஸ்கேன் எடுக்காதீர்கள், ஒரு ஸ்கேன் 300, 400 எக்ஸ்ரேக்குச் சமம் என்று அப்போதைய டெல்லி எய்ம்ஸ் டைரக்டர் ரந்தீப் குலேரியா 2021 மே மாதம் எச்சரிக்க வேண்டியிருந்தது. மேலே சொன்ன 8 கேள்விகளில் ஸ்கேன் பர்சென்ட்டும் இல்லை.

ஆளாளுக்குச் சூத்திரம் கண்டுபிடித்த காலம் அது. ஒரு சர்வதேசக் குழு 232 சூத்திரங்களை ஆடிட் செய்தது. நம்பிக்கை தருவதாக அவர்கள் தேர்ந்தெடுத்தது இரண்டே இரண்டு! அதில் ஒன்றுதான் 4சி. பலர் செய்த தப்பு என்ன தெரியுமா? இன்னும் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர்களை, முடிவு தெரியவில்லை என்று கணக்கிலேயே சேர்க்கவில்லை. வழியில் லாரியில் இருக்கும் சரக்கை விட்டுவிட்டு ஸ்டாக் எடுத்த மாதிரி. எங்க காலேஜ் அக்கவுண்டன்சி வாத்தியார் பார்த்திருந்தால் பேப்பரை முகத்தில் எறிந்திருப்பார்.

காசில்லாத டெஸ்ட்

8 கேள்விகளில் இரண்டுக்குத்தான் ரத்தம் வேண்டும். ஒன்றுக்கு விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர். ஆனால் கறுத்த தோலில் அது ஆக்ஸிஜனைக் கொஞ்சம் கூட்டிக் காட்டலாம் என்று ஆய்வுகள் சொல்வதால், நம்ம கலருக்கு ஜாக்கிரதை தேவை. சிலருக்கு ஆக்ஸிஜன் பாதாளத்துக்குப் போன பிறகும் மூச்சு முட்டுவதே தெரியாது, போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள் என்பதையும் கொரோனா காட்டியது.

மூச்சை எண்ணுவதற்கோ பைசா செலவில்லை. பெரியவர்களுக்கு ஓய்வில் நிமிஷத்துக்கு 12 முதல் 20 வரை சாதாரணம். 24-ஐத் தொட்டாலோ, ஆக்ஸிஜன் 94-க்குக் கீழே போனாலோ வீட்டில் வைத்துக்கொள்ளாதே என்றது நம்ம நாட்டு மருத்துவ வழிகாட்டி. 30-ஐத் தாண்டினால், அல்லது ஆக்ஸிஜன் 90-க்குக் கீழே என்றால் தீவிரம்.

இந்தப் பாடம் கொரோனாவோடு போய்விடவில்லை. 2022-ல் தமிழ்நாடு 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' ஆரம்பித்தது. டி.பி. என்று தெரிந்ததுமே எடை-உயரம், கால் வீக்கம், மூச்சு, ஆக்ஸிஜன், பிடிக்காமல் நிற்க முடிகிறதா என்று பார்த்து, ஆபத்தானவர்களை உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். ஸ்கோர் என்பது தீர்ப்பு அல்ல சார். யாருக்கு முதலில் கட்டில் என்று சொல்லும் டோக்கன். டோக்கன் வாங்கவாவது நேரத்தோடு போக வேண்டும்.

லைனில் நிமிஷத்துக்கு எத்தனை பீஸ் என்பது உங்களுக்கு மனப்பாடம். அடுத்த முறை ரூம்மேட் இருமிக்கொண்டு படுத்திருந்தால், நாடி பார்க்கிற மாதிரி கையைப் பிடித்துக்கொண்டு, அவனுக்குத் தெரியாமல் நெஞ்சு எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்று முழுசாக ஒரு நிமிஷம் எண்ணுங்கள். 24 வந்தால் ஷிப்டு சூபர்வைசருக்கு அல்ல, 108-க்கு போன் போடுங்கள்!