கதவுப் பலகையில் ஒரு டீப்பாய்

பழைய வீட்டை இடிக்கும்போது பித்தளை அண்டா, குத்துவிளக்குக்கெல்லாம் பங்கு கேட்போம். கதவு, ஜன்னலை மட்டும் வந்த விலைக்குத் தள்ளிவிடுவோம். சிநேகிதிகளே, அந்தக் கதவில் ஒரு பலகையாவது கேட்டு வாங்கி வையுங்கள். ஐம்பது அறுபது வருஷம் காய்ந்த தேக்கு லேசில் கிடைக்காது.

ஆத்தூரில் எங்கள் அம்மா வீட்டை 2023-ல் இடித்தார்கள். "உனக்குத்தான் சீரெல்லாம் செஞ்சாச்சே, கதவு எதுக்கு?" என்றார் அண்ணி. "வேற ஒண்ணும் வேண்டாம் அண்ணி, ஒரே ஒரு பலகை போதும்" என்று கேட்டு வாங்கி வந்தேன். அம்மா இப்போது எங்களோடுதான் இருக்கிறார். ராத்திரி தண்ணீர்ச் சொம்பும் மாத்திரையும் வைக்க, கட்டில் பக்கத்தில் ஒரு டீப்பாய் தேவைப்பட்டது. அம்மா வீட்டுக் கதவிலேயே செய்துவிடலாம், கொஞ்சம் அழகாகவும் செய்யலாம் என்று தோன்றியது.

மைசூர் அரண்மனைக்குப் போனவர்கள், தந்தம் பதித்த ஈட்டி மரக் கதவைப் பார்த்திருப்பீர்கள். அது மேலே வரைந்ததோ ஒட்டியதோ அல்ல. மரத்தைக் குடைந்து, குழிக்குள் பதித்தது. தந்த வியாபாரத்துக்கு நம் நாட்டில் தடை வந்துவிட்டது. நம் நாட்டு யானைத் தந்தத்துக்கு 1986-லும், ஆப்பிரிக்கத் தந்தத்துக்கு 1991-லும் தடை. மைசூரில் இப்போது பல நிற மரத்துண்டுகளைத்தான் பதிக்கிறார்கள். ஆகவே நம்மாலும் முடிகிற வேலைதான் இது.

கால்களையும் சட்டத்தையும் ஆசாரியே துளை போட்டு, கழுந்து மாட்டிச் செய்து கொடுத்தார். பதிக்கும் வேலையை நானே செய்கிறேன் என்றதும், "வேண்டாம் கண்ணு, உளி கையில ஏறிடும்" என்றார். "தினமும் அரிவாள்மனையில உட்கார்றவதானுங்கய்யா நான்" என்றேன். சிரித்துக்கொண்டே ஒரு சின்ன உளியை எடுத்துக் கொடுத்தார்.

கோலத் தாமரை ஒன்றைத் தாளில் வரைந்தேன். எட்டு இதழுக்கும் மஞ்சள் நிறப் பலா மரத்துண்டு. ஆசாரி பட்டறையில் மிச்சம் கிடந்தது. நடுப்பொட்டுக்குப் பையனின் உடைந்த சென்னபட்டணம் பொம்மையிலிருந்து ஒரு வட்டம். அந்தப் பொம்மை வெட்பாலை மரம், உள்ளே தந்தம் போல வெள்ளையாக இருக்கும். நாம் தைலம் காய்ச்சுகிற அதே வெட்பாலைதான்!

இதழ்களை 3 மில்லிமீட்டர் கனத்தில் அறுத்து, பலகை மேல் வைத்து, சுற்றிலும் கூர்க்கத்தியால் கோடு கீற வேண்டும். தாளைப் பார்த்துக் கீறினால் சரியாக உட்காராது. கோட்டுக்குள் இரண்டரை மில்லிமீட்டர்தான் குடைய வேண்டும். இதழ் துளி மேலே நின்றால்தான் தேய்த்துச் சமமாக்க முடியும். இதழின் ரேகையும் பலகையின் ரேகையும் ஒரே பக்கம் ஓடட்டும். இல்லாவிட்டால் மழைக்காலத்தில் விரிசல் காணும். ஃபெவிகால் தடவிப் பதித்து, மேலே தாள் விரித்து, ஆட்டுக்கல் குழவியை ஒரு நாள் பாரம் வைத்தேன். இடுக்கு தெரிந்தால் அதே மரத்தூளைப் பசையில் குழைத்து அடைத்துவிடலாம். பிறகு ரேகை போகிற போக்கில் உப்புத்தாள் போட்டு, நிறம் கலக்காத பாலிஷ் அடிக்க வேண்டும். அதற்கு முன் தூசியைச் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். தேக்குத் தூள் ஏறினால் வெள்ளை மரம் அழுக்காகிவிடும்.

மத்தியானம் ஒரு மணி நேரம் வீதம் பதினெட்டு நாள் ஆயிற்று. உளியை எப்போதும் உடம்புக்கு எதிர்ப்பக்கமாகவே தள்ளுங்கள். பழைய பலகையில் ஆணி ஒளிந்திருக்கும், முதலில் பார்த்துப் பிடுங்கிவிடுங்கள். ஈரத்துணியும் சுடு பாத்திரமும் இந்த வேலைக்கு ஆகாது.

அம்மா உள்ளங்கையால் தடவிப் பார்த்து, "எங்கேயும் தட்டுப்படவே இல்லையே!" என்றார். அப்புறம், "என் கதவுதானா இது?" என்று கேட்டார். டீப்பாயைக் கவிழ்த்துக் காட்டினேன். அடிப்பக்கத்தை இழைக்க வேண்டாம் என்று ஆசாரியிடம் முன்னமே சொல்லியிருந்தேன். ஆயுத பூஜை தோறும் அம்மா வைத்த சந்தனம், குங்குமத்தின் கறை அப்படியே இருந்தது.

நீங்களும் அடிப்பக்கத்தை இழைக்காமல் விடுங்கள். அதற்குக் கூலியும் மிச்சம்!

– ஒரு வாசகி, ஃபேர்லேண்ட்ஸ், சேலம்.