பெயரில் ஒரு சாய்கோடு

உங்கள் அடையாளக் கார்டை ஒரு நிமிடம் எடுத்துப் பாருங்கள். மலேசியத் தமிழர் பெரும்பாலோரின் கார்டில் சொந்தப் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே ஒரு சாய்கோடு இருக்கும். ஆணுக்கு ஏ/எல், அதாவது அனாக் லெலாக்கி. பெண்ணுக்கு ஏ/பி, அனாக் பெரெம்புவான். இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்பதை மலாயில் சுருக்கிச் சொல்லும் அந்தக் கோடு, பிறப்புப் பத்திரத்திலிருந்து கடப்பிதழ்வரை நம்மோடு வருகிறது.

கணினிப் படிவங்கள் பலவற்றுக்கு அந்தக் கோடு ஆகாது. பெயரை உள்ளபடி தட்டச்சு செய்தால், 'செல்லாத எழுத்து' என்று சிவப்பில் ஒரு வரி வரும். கோட்டை எடுத்துவிடுவதா, இரண்டு எழுத்தையும் ஒட்டி எழுதுவதா, அப்பா பெயரையே விட்டுவிடுவதா? ஆளுக்கொரு வழியில் சமாளிக்கிறோம். பிறகு டிக்கெட்டில் ஒரு பெயர், கடப்பிதழில் ஒரு பெயர் என்று விமான நிலையக் கவுன்டரில் நின்று விளக்கம் சொல்கிறோம்.

நான் மென்பொருள் எழுதும் வேலையில் இருப்பவன். சனிக்கிழமை காலையில் பந்திங்கில் நாலைந்து மாணவர்களுக்குப் பைத்தான் சொல்லித் தருகிறேன். டியூஷன் வகுப்புக்குப் பெயர் பதிய ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதுவதுதான் அவர்களின் முதல் பயிற்சி. அலங்காரம் ஒன்றும் கிடையாது. கறுப்புத் திரையில் கேள்வி வரும். பதிலைத் தட்டி என்டரை அழுத்த வேண்டும். பெயர், அடையாளக் கார்டு எண், கட்டணம் என்று மூன்றே கேள்விகள். வருகிற பதில் சரிதானா என்று பார்ப்பதில்தான் பாடமே இருக்கிறது.

முதலில் பெயர். ஒரு மாணவர் ஆளுக்கொரு கோப்பு என்று வைத்து, பெயரையே கோப்புக்கும் சூட்டினார். கவிதா ஏ/பி முருகன் என்று கொடுத்ததும் ஸ்கிரிப்ட் நின்றுவிட்டது. காரணம் எளிது. கணினிக்குச் சாய்கோடு என்றால் கோப்புறையின் எல்லை. 'கவிதா ஏ' என்ற கோப்புறைக்குள் 'பி முருகன்' என்ற கோப்பை வைக்கச் சொல்கிறோம் என்று அது எடுத்துக்கொள்ளும். அப்படி ஒரு கோப்புறை இல்லாததால் கையை விரித்துவிடும்.

இதைத் தீர்க்க இரண்டு வழி. சாய்கோடு வந்தால் ஏற்காதே என்று ஒரு வரி எழுதிவிடலாம். பலர் செய்வது இதுதான். ஸ்கிரிப்டின் வசதிக்காக ஆளின் பெயரை மாற்றச் சொல்கிறோம் என்பது அப்போது கண்ணில் படுவதில்லை. இன்னொரு வழி, பெயரை வந்தபடியே உள்ளே எழுதிவைத்துக்கொண்டு, கோப்புக்கு வரிசை எண்ணைச் சூட்டுவது. கூடுதல் வேலை ஐந்து நிமிடம்கூட ஆகாது. பெயர் காலியாக இல்லை, முன்னும் பின்னும் வீண் இடைவெளி இல்லை என்று பார்த்தால் போதும். பெயரிடம் அதற்குமேல் கேட்க நமக்கு ஒன்றும் இல்லை.

தமிழில் பெயர் கொடுத்தால் இன்னொரு வேடிக்கை. எல்லாம் எழுத்துகள்தானா என்று பார்க்கப் பைத்தானில் தயாராக ஒரு சோதனை உண்டு. அதில் 'நகர' தேறும், 'நகரம்' தேறாது. யுனிகோடு கணக்கில் புள்ளியும் கால், கொம்பு முதலிய குறிகளும் தனி எழுத்துகள் அல்ல, எழுத்தோடு ஒட்டும் குறிகள். ஆங்கிலப் பெயர்களை மட்டும் கொடுத்துப் பார்த்தவருக்கு இது தெரியவே வராது.

அடுத்து அடையாளக் கார்டு எண். இதற்குத் திட்டமான அமைப்பு உண்டு, சோதிக்கலாம். மொத்தம் 12 இலக்கங்கள்: முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம், மிச்சம் நான்கில் கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. நடுவில் சிறுகோடு போட்டுக் கொடுப்பவரைத் திருப்பி அனுப்ப வேண்டாம்; கோட்டை ஸ்கிரிப்டே நீக்கிக்கொள்ளட்டும். இதை எண்ணாக மாற்றி வைக்கவும் கூடாது. 2003-இல் பிறந்தவரின் எண் 03 என்று தொடங்கும். எண்ணாக மாற்றினால் முன்னால் உள்ள சுழியம் போய், 12 இலக்கம் 11 ஆகிவிடும்.

தேதியிலும் கண்ணி இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு இலக்கம்தான். பைத்தான் தன் வழக்கப்படி 69 முதல் 99 வரை 1900-களிலும், 00 முதல் 68 வரை 2000-களிலும் சேர்க்கும். 1955-இல் பிறந்த பாட்டி 2055-இல்தான் பிறப்பார் என்று சொல்லும். எல்லாரையும் 1900-களில் தள்ளினாலோ, 2000 பிப்ரவரி 29-இல் பிறந்தவருக்குப் பிறந்த நாளே இருக்காது. 2000 லீப் ஆண்டு. 1900 லீப் ஆண்டு அல்ல. அதனால் பிறந்த ஆண்டு எதிர்காலத்தில் விழுந்தால் நூறைக் கழிக்க வேண்டும் என்று மாணவர்களே விதி எழுதினார்கள்.

சோதனையில் தேறிய எண் உண்மையான எண் என்றும் ஆகாது. சிங்கப்பூர் அடையாள அட்டையின் கடைசி எழுத்தும், இந்திய ஆதாரின் கடைசி இலக்கமும் மற்ற இலக்கங்களிலிருந்து கணக்கிடப்படுபவை. ஓர் இலக்கம் தவறினால் காட்டிக்கொடுத்துவிடும். நம் எண்ணை அப்படிக் கணக்குப் போட்டுச் சரிபார்க்க வழியில்லை. எனவே கடைசியில் எல்லாவற்றையும் திரையில் காட்டி, 'இது சரிதானா?' என்று பதிபவரிடமே கேட்பது நல்லது.

கட்டணத்தில் 'ஐம்பது' என்று எழுத்தில் கொடுப்பவர் உண்டு. ஸ்கிரிப்ட் விழக்கூடாது, மறுபடி கேட்க வேண்டும். ௫௦ என்று தமிழ் எண்ணில் கொடுத்தால் பைத்தான் 50 என்றே புரிந்துகொள்ளும் என்பதைப் பார்த்து மாணவர்கள் கைதட்டினார்கள். ஆனால் -50 என்பதும் அதற்கு எண்தான். தொகை சுழியத்துக்கு மேல் இருக்கிறதா என்று நாம்தான் கேட்க வேண்டும்.

ஒன்றுமே தட்டாமல் என்டரை அழுத்துவதும் ஒரு பதில்தான். காலி மதிப்பைச் சாதாரணமாக நினைக்கக்கூடாது என்பதற்கு நான் சொல்லும் உதாரணம், 2015 ஜனவரியில் வெளியே தெரிந்த ஸ்டீம் விவகாரம். விளையாட்டுகளுக்கான அந்த மென்பொருளின் லினக்ஸ் பதிப்பில், ஒரு கோப்புறையின் பெயர், அதன்பின் சாய்கோடு, அதற்குள் உள்ளதையெல்லாம் அழி என்று ஒரு கட்டளை இருந்தது. கோப்புறையை இடம் மாற்றிய ஒருவருக்கு அந்தப் பெயர் காலியாகிப்போனது. மிஞ்சியது வெறும் சாய்கோடு. லினக்ஸில் அதற்கு மொத்தக் கணினி என்று பொருள். அவருடைய கோப்புகளும் வெளியே இணைத்திருந்த வட்டில் இருந்தவையும் அழிந்தன. 'பயமாக இருக்கிறது' என்ற பொருளில் ஒரு குறிப்பு அந்தக் கட்டளைக்கு மேலேயே இருந்தது. பெயர் காலியா என்று பார்க்கும் சோதனைதான் இல்லை.

ஆக, சோதனை வேண்டும்; எதைச் சோதிக்கிறோம் என்பதும் தெரிய வேண்டும். பந்திங், கேரித் தீவு வட்டாரத்தில் பல குடும்பங்கள் தோட்டத்திலிருந்து வந்தவை. கிராணியார் காதில் விழுந்ததை ரோமன் எழுத்தில் எழுதினார். அதுவே பலருக்குப் பெயராக நிலைத்தது. அண்ணன் பத்திரத்தில் அப்பா பெயர் ஒரு மாதிரி, தம்பி பத்திரத்தில் வேறு மாதிரி. ஓர் அப்பாவின் பிள்ளைகள்தான் என்று நிரூபிக்க அலுவலகம் அலுவலகமாக அலைந்தவர்கள் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள். அந்த நாற்காலியில் இன்று உட்கார்ந்திருப்பது ஸ்கிரிப்ட். அதை எழுதுகிறவர்களில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

திருப்பி அனுப்ப வேண்டி வந்தால் காரணத்தோடு அனுப்பட்டும். 'தவறு' என்று மட்டும் சொன்னால் யாருக்கும் பயனில்லை. '12 இலக்கம் வேண்டும், நீங்கள் கொடுத்தது 11, மறுபடி கொடுங்கள்' என்றால் பாட்டியும் திருத்திக்கொள்வார்.

உங்கள் வீட்டில் நிரல் எழுதப் படிக்கும் பிள்ளை இருந்தால், அடுத்த முறை அது எழுதிய படிவத்தின் முன் உட்காருங்கள். தாத்தாவின் கார்டில் உள்ள பெயரைச் சாய்கோட்டோடு அப்படியே தட்டுங்கள். பிறகு ஒன்றும் தட்டாமல் என்டரை அழுத்துங்கள். இரண்டையும் தாங்கினால், அந்தப் படிவத்தை ஊருக்குக் கொடுக்கலாம்.