பாடும் பறியும்

கிள்ளான் கரையோரத்து மீனவரை அறிந்த அன்பர்கள் பூபு என்னும் மீன்கூட்டையும் அறிந்திருப்பர். மூங்கிலாலோ பிரம்பாலோ முடைந்து, இக்காலத்தில் கம்பிவலையாலும் கட்டப்படும் அக்கூட்டின் வாய் உள்நோக்கிக் குறுகிச் செல்லும். மீன் எளிதில் நுழையும், வெளியேறுதல் அரிது. “இதற்குத் தமிழில் பெயர் இல்லையா ஐயா?” என்று எங்கள் தோட்டப்பள்ளியின் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் வினவினான். பறி என்றேன். மீன் பிடிக்கும் கூடைக்கும் பனையோலைப் பாய்க்கும் அகராதி தரும் பெயர் அது. சொல்லிவிட்டேனே தவிர, அச்சொல் இன்று எங்கே வாழ்கிறது என்று எண்ணிப் பார்த்தது பிறகுதான்.

பழவேற்காட்டில் வாழ்கிறது. சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ள அவ்வேரி, ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி. வங்கக்கடலுக்கும் ஏரிக்கும் இடையே ஸ்ரீஹரிகோட்டாத் தீவு கிடக்கிறது. ஏரியின் ஆந்திரப் பகுதி 1976இலும், தமிழகப் பகுதி 1980இலும் பறவைச் சரணாலயங்கள் ஆயின. பூநாரைகளைக் காணச் செல்வோர் பலர். அப்பறவைகளோடு ஒரே நீரில் பிழைக்கும் மக்களைக் காண்போர் சிலரே.

அம்மக்களுள் இருளர், ஆழமற்ற நீரில் அமர்ந்து சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பர். இரு கைகளுக்கும் வேலை இருப்பதால் பனையோலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொள்வர். அவர்கட்குப் பறி கொள்கலமேயன்றிப் பொறியன்று. பொறி எனத் தக்கது, பட்டினவர் கழிகளை நட்டுக் கட்டும் சுத்துவலை.

அதன் வேலையை அறிய இறாலின் வாழ்வை அறிதல் வேண்டும். இறால் கடலில் முட்டையிடுகிறது. அதன் நுண்ணிய குஞ்சுகள் ஏற்றநீரோடு முகத்துவாரம் வழியே ஏரிக்குள் வந்து, சில திங்கள் வளர்ந்து, வற்றுநீரோடு மீண்டும் கடலை நாடுகின்றன. அப்படித் திரும்பும் வழியிலேதான் வலை நிற்கிறது. அது இரையைத் துரத்துவதில்லை, காத்திருக்கிறது. ஆகவே வலையின் திறத்தைவிட அது நிற்கும் இடமே பெரிது. நீரோட்டத்தில் நட்டவனுக்கு இறால். ஓரத்தில் நட்டவனுக்குப் பாசி. நல்ல இடங்களோ சில. அவற்றை வலியவன் கைப்பற்றினால் ஏனையோர் என் செய்வர்?

இதற்கு விடையாகப் பட்டினவர் கண்டதே பாடுமுறை. (பாட்டிசைக்கும் முறை என்று மாணவர் மயங்காதிருக்க!) பாடு என்பதற்கு இடம், பெருமை, ஓசை, துன்பம் எனப் பல பொருள்கள் உண்டு, கடற்கரையில் மீன்பாடு என்றால் கிடைத்த மீன். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுக்குப்பம் ஆகிய ஊர்களில் தலைக்கட்டாகிய மணமான ஆண்கள் சீட்டுக் குலுக்கி இடத்தையும் முறையையும் பெறுவர். இன்று நல்ல இடம் பெற்றவர் என்றும் அங்கேயே நிற்க இயலாது. முறை சுழன்றுகொண்டே இருக்கும்.

நீர்கொழும்புக் கடனீரேரியில் கட்டுதெல் எனப்படும் இத்தகைய வலைக்கும் சீட்டு முறை உண்டு. அதற்கு இலங்கை அரசு 1958இல் விதிகளே இயற்றியது. பழவேற்காட்டில் நிற்பதோ ஊர்வழக்கு.

அவ்வழக்கை அப்படியே பொதுவுடைமை என்று புகழ்ந்துவிடவும் என் மனம் ஒப்பவில்லை. சீட்டு, உள்ளிருப்போர்க்குச் சமநீதி. வெளியிருப்போர்க்கு மூடிய கதவு. ஏற்றுமதியால் இறாலின் விலை ஏறியபின் பிற சமூகத்தாரும் வலை நட விரும்பினர். உரிமை பிறப்பையும் ஊரையும் ஒட்டியதாதலின் பூசல்கள் எழுந்தன. பறியைக் கவ்விய இருளர்க்கு அக்குலுக்கலில் சீட்டே இல்லை.

இப்பூசலையெல்லாம் சிறிதாக்கிவிடுவது முகத்துவாரத்து மணல். ஆரணியாறும் காளங்கியாறும் வெள்ளம் கொண்டுவரும் மாதங்களில் வழி திறந்திருக்கும். ஆற்றுநீர் குறைந்ததும் கடலலை மணலை ஒதுக்கி வாயைத் தூர்க்கிறது. குஞ்சுகள் உட்புகா, வளர்ந்தவை வெளியேறா. கோடையில் நீர் சுண்டி உப்பேறும். அந்நாளில் எந்த இடத்துச் சீட்டு விழுந்தால்தான் என்ன? சட்டம் காக்கும் பறவைக்கும் அங்கே இரை குறைகிறது.

மாணவனிடம் இவ்வளவையும் சொல்ல நேரமில்லை. பறி ஒன்று முடைந்துவரச் சொன்னேன். தோட்டத்தில் பனையோலைக்கு எங்கே போவான்? செம்பனை ஓலையில் முயன்றிருக்கிறான், மடிப்பில் கிழிந்துவிட்டது. மறுவாரம் தென்னங்கீற்றில் முடைந்து வந்தான். வாய் சற்றுக் கோணல்தான். ஆயினும் பல்லால் கவ்வி, இரு கைகளையும் விரித்து வகுப்பிற்குக் காட்டினான்.