பிரைமரியில் வெல்வது வாக்கா, பிரதிநிதியா?

அமெரிக்க அதிபர் வேட்பாளரை முடிவு செய்வது பிரைமரி எனும் கட்சி உட்தேர்தலில் விழும் மொத்த வாக்கு அல்ல. ஒவ்வொரு மாநிலத்திலும் விழுந்த வாக்குகளுக்கு ஏற்ப, கோடையில் கூடும் கட்சி மாநாட்டுக்குப் பிரதிநிதிகள் ஒதுக்கப்படுகிறார்கள். அங்கே பாதிக்கு மேல் ஆதரவு பெறுபவரே வேட்பாளர். 2016-இல் குடியரசுக் கட்சியில் மொத்தப் பிரதிநிதிகள் 2,472, தேவைப்பட்டது 1,237.

இதைப் பற்றி அரசமைப்புச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. விதிகளை வகுப்பவை கட்சிகளே என்பதால் இரண்டு கட்சிக்கும் இரண்டு கணக்கு. ஜனநாயகக் கட்சியில் எங்கும் விகிதாசாரம்தான்: 15 சதவீத வாக்கை எட்டியவர்கள் பிரதிநிதிகளைப் பங்கிட்டுக்கொள்வார்கள். குடியரசுக் கட்சியிலோ சில மாநிலங்களில் முதலிடம் பிடித்தவருக்கே அத்தனையும். 2016-இல் புளோரிடாவில் டிரம்ப் பாதி வாக்குகூட வாங்கவில்லை. ஆனாலும் 99 பிரதிநிதிகளும் அவருக்கே. சொந்த மாநிலத்தில் வெறுங்கையோடு நின்ற மார்கோ ரூபியோ அன்றிரவே போட்டியிலிருந்து விலகினார்.

விகிதாசாரத்திலும் வேடிக்கை உண்டு. 2008 பிப்ரவரி 5 அன்று நியூஜெர்சியில் வென்ற ஹிலாரி கிளின்டனுக்கு ஒபாமாவைவிட 11 பிரதிநிதிகள் கூடுதலாகக் கிடைத்தார்கள். அதே நாளில் மக்கள்தொகையில் சிறிய இடாஹோவில் ஒபாமா பெற்ற முன்னிலை 12. ஜெயிப்பதைவிட எவ்வளவு வித்தியாசத்தில் ஜெயிப்பது என்பதே முக்கியம். ஒபாமா அணி இந்தக் கணக்கை நன்றாகவே படித்திருந்தது.

வாக்காளருக்கு இந்த அளவு செல்வாக்கு வந்ததும் அண்மைக் காலத்தில்தான். 1968-இல் எந்தப் பிரைமரியிலும் போட்டியிடாத ஹியூபர்ட் ஹம்ப்ரி, கட்சிப் பெருந்தலைகளின் தயவில் ஜனநாயகக் கட்சி வேட்பாளரானார். அந்த ஆண்டு சிகாகோவில் கூடிய கட்சி மாநாட்டில் நடந்த அமளிக்குப் பிறகே, பிரைமரி முடிவை ஒட்டிப் பிரதிநிதிகளைத் தேர்வு செய்யும் வழக்கம் வேரூன்றியது. ஆனால் தலைவர்கள் பிடியை முழுதாக விடவில்லை: எம்.பி.க்கள், ஆளுநர்கள் முதலானோர் தாம் விரும்பியவருக்கு வாக்களிக்கும் 'சூப்பர் டெலிகேட்' ஏற்பாடு 1984-இல் நடைமுறைக்கு வந்தது. முதல் சுற்று முடிவை அவர்களால் மாற்ற முடியாதபடி 2018-இல் விதி திருத்தப்பட்டது.

பிரைமரி மூலம் தேர்வானவர்களுக்கும் ஜனநாயகக் கட்சி இரும்பு விலங்கு பூட்டவில்லை; வாக்காளர் விருப்பத்தை மனசாட்சிப்படி பிரதிபலிக்க வேண்டும் என்பதே விதி. 2024 ஜூலை 21 அன்று ஜோ பைடன் விலகியதும், அவருக்காகத் தேர்வான பிரதிநிதிகள், அந்த ஆண்டு எந்தப் பிரைமரியிலும் நிற்காத கமலா ஹாரிஸை ஆகஸ்ட் தொடக்கத்தில் இணையவழி வாக்கெடுப்பில் வேட்பாளராக்கினார்கள்.

முதல் சுற்றில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காவிட்டால் மறுபடி வாக்கெடுப்பு நடக்கும். 1952-இல் ஜனநாயகக் கட்சியில் மூன்றாம் சுற்றில் அட்லாய் ஸ்டீவன்சன் தேர்வானதற்குப் பின், இரு கட்சியிலும் அதிபர் வேட்பாளருக்காக இரண்டாம் சுற்று தேவைப்பட்டதே இல்லை.